சுக்கிரனைப் பார்க்க 11 வருஷம் அலைந்தவர்... கையோடு கொண்டுபோனது திருவாரூர் கணக்கு!

நவக்கிரக டூர் போய் வந்தவர்களுக்குத் தெரியும். சூரியனார்கோவிலில் தரிசனத்தை முடித்துவிட்டு, கஞ்சனூர் சுக்கிரனைப் பார்க்கப் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அடுத்த கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்று பேசி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். கும்பகோணம் பக்கத்தில் சூரியனும் சுக்கிரனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி.

இந்த ரெண்டு பேரையும் வானத்தில் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் பிரான்ஸில் கப்பல் ஏறினார். பதினொன்றரை வருஷம் கடலிலும் கரையிலும் அலைந்தார். வாய்ப்பு வந்தது ரெண்டே தடவை. ரெண்டிலும் கோட்டைவிட்டார். ஊர் திரும்பினால், செத்துப்போனவர் கணக்கில் அவரை எழுதிவிட்டு, சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெயர் கியோம் லெ ஜென்டில். வானியல் வரலாற்றிலேயே துரதிர்ஷ்டசாலி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவர் இவர்தான். ஆனால், அந்த வீடியோக்களும் பதிவுகளும் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது. அவருடைய முதல் தோல்விக்கான காரணத்தைத் தேடிப் போனால் தஞ்சாவூர் கோட்டை வாசலில் போய் நிற்போம். அவர் உருப்படியாக எடுத்துக்கொண்டு போன ஒரு விஷயமும் திருவாரூர்ப் பக்கத்துச் சரக்குதான்.

இன்றைக்குக் கிரகணம் பார்க்க உலகம் சுற்றுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 2003 நவம்பரில் அன்டார்டிகாவில் முழு சூரிய கிரகணம் வந்தபோது அதற்காகவே விமானமும் கப்பலும் அமர்த்திக்கொண்டு போனார்கள். 2015 மார்ச்சில் ஆர்க்டிக் பக்கம் ஸ்வால்பார்டு தீவில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் பாதையும் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாகத்தான் போகிறது. இதற்கெல்லாம் லட்சங்களில் பேக்கேஜ் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு முப்பாட்டன்மார்கள் யாரென்று பார்த்தால், 1760-களில் கிளம்பிய சில வானியலாளர்கள். ஒருவர் வடதுருவ விளிம்புக்குப் போனார். இன்னொருவர் நம் சோழமண்டலக் கரைக்கு வந்தார்.

ஒரு கறுப்புப் பொட்டுக்காக

அவர்கள் தேடி வந்தது முழு கிரகணம் அல்ல, கிரகணத்தின் தம்பி. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்தால் சூரிய கிரகணம். அதே இடத்தில் சுக்கிரன், அதாவது வெள்ளிக் கோள் வந்தால்? அது தூரத்தில் இருப்பதால் சூரியனை மறைக்க முடியாது. சூரியன் முகத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு மாதிரி ஆறு மணி நேரம் மெதுவாக ஊர்ந்து போகும். இதற்கு வெள்ளி இடைநகர்வு என்று பெயர். 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 இரண்டையும் நம் ஊரில் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. நீங்கள் பார்க்கவில்லை என்றால், சாரி... அடுத்தது 2117 டிசம்பரில்தான். எட்டு வருஷ இடைவெளியில் ஜோடியாக வரும், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆளைக் காணோம். அப்படித்தான் இதன் சுழற்சி.

இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்தக் காலத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் நின்று, அந்தப் பொட்டு எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று விநாடி சுத்தமாகக் குறித்தால், அந்த வித்தியாசத்தை வைத்துச் சூரியனின் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-லேயே வழி சொல்லியிருந்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். அடுத்த வாய்ப்பு 1761, அதைவிட்டால் 1769. இரண்டையும் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வேறு ஆட்கள் கிளம்பினார்கள்.

லெ ஜென்டில் 1725 செப்டம்பர் 12-ல் நார்மண்டியில் கூதான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸுக்குப் போனது பாதிரியார் படிப்புக்கு. அங்கே டெலில் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அதோடு பாதிரியார் படிப்பு போச்சு. பாரிஸ் வான் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1749-ல், ஆண்ட்ரோமீடா மண்டலத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மங்கலான மண்டலத்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு எம்32 என்று சொல்கிறார்கள். 28 வயதுக்குள் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இடம். நல்ல வாழ்க்கைதான். பாரிஸிலேயே இருந்திருந்தால் நாமும் இவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரர்களின் ஊர், வானம் தெளிவு. 1760 மார்ச் 26-ல் கப்பல் ஏறினார். அப்போது வயது 34.

தஞ்சாவூரில் போட்ட முடிச்சு

இங்கே நாம் ரெண்டு வருஷம் பின்னால் போக வேண்டும், டெல்டாவுக்குள்.

1758. பிரான்ஸும் இங்கிலாந்தும் உலகம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த சமயம். பாண்டிச்சேரிக்குப் புதிதாக வந்த தளபதி லாலிக்கு ஆங்கிலேயரின் சென்னையைப் பிடிக்க வேண்டும். கையில் காசில்லை. பழைய பெட்டியைக் கிளறியதில், தஞ்சாவூர் ராஜா எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய் கடன் பத்திரம் ஒன்று கிடைத்தது. முந்தைய சண்டை ஒன்றில் வற்புறுத்தி வாங்கிய பத்திரம். அப்போது தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாப சிங். நெல் விளைகிற பூமி, காசு இல்லாமலா போகும் என்று லாலி படையோடு கிளம்பினார்.

காரைக்காலில் இருந்து நாகூர், கீழ்வேளூர், திருவாரூர், தஞ்சாவூர். இன்றைக்குப் பஸ்ஸில் போனாலும் ஏறக்குறைய இதே வழிதான். சோற்றுக்கே வழியில்லாமல் வந்த படை, போகிற வழியெல்லாம் சூறையாடியது. கீழ்வேளூரில் கோயில் குளத்தில் புதையல் தேடினார்கள். உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு அந்தணர்கள் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். இதைச் சும்மா கடந்து போக எனக்கு மனசில்லை, ஏனென்றால் இந்த ஊர்ப் பெயர்கள் பின்னால் மறுபடி வரும்.

தஞ்சாவூர்க் கோட்டை அசரவில்லை. வெடிமருந்து தீர்ந்தது, கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் லாலி வெறுங்கையோடு திரும்பினார். பணம் இல்லாத படை அதன்பிறகு எழுந்து நிற்கவே இல்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. பிறகு பாண்டிச்சேரி முற்றுகை. 1761 ஜனவரி 16-ல் ஊர் சரண். ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியின் தலையை 1766-ல் பாரிஸில் வெட்டினார்கள்.

இதெல்லாம் தெரியாமல் நடுக்கடலில் நம் ஆள் வந்துகொண்டிருக்கிறார்!

1760 ஜூலையில் மொரீஷியஸ் வந்து சேர்ந்தார். அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. வயிற்றுக்கடுப்பில் படுத்தார். ஒருவழியாக 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்று எதிராக அடிக்க, கப்பல் கடலில் சுற்றிச் சுற்றி மே 24-ல் கேரளக் கரையில் மாஹே அருகே வந்தது. அங்கேதான் விஷயம் தெரிந்தது: மாஹேயும் போச்சு, பாண்டிச்சேரியும் போச்சு. கப்பல் அப்படியே திரும்பியது.

ஜூன் 6. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுக்கிரன் சூரியன் மேல் போவதை லெ ஜென்டில் பார்க்கவும் செய்தார். ஆனால், ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் நேரம் காட்டாது. தான் நிற்கிற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. நேரமும் இடமும் இல்லாத குறிப்பு காகிதத்துக்குக்கூட ஆகாது. பார்த்தும் பார்க்காத கணக்கு.

எட்டு வருஷம் காத்திருப்போமே!

நீங்களோ நானோ என்றால் அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போயிருப்போம். இவர் இருந்துவிட்டார். 1769-ஐப் பார்த்துவிட்டே போவது என்று முடிவு. அதுவரை மடகாஸ்கர் கரையை வரைபடமாக்கினார், காற்றையும் கடலோட்டத்தையும் குறித்தார். இதைப் பிடிவாதம் என்பதா, ஆர்வம் என்பதா, வேறு ஏதாவதா... எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 35 வயது, கல்யாணம் ஆகவில்லை. (மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டாள் என்று சில பதிவுகளில் சோகம் பிழிந்திருப்பார்கள். அது பிற்காலக் கற்பனை. அவருக்கு அப்போது மனைவியே கிடையாது.)

1769-க்கு மணிலாதான் நல்ல இடம் என்று கணக்குப் போட்டு, 1766-ல் பிலிப்பைன்ஸ் போனார். அங்கே இருந்த ஸ்பெயின் ஆளுநருக்கு இவர் மேல் சந்தேகம். இதற்குள் பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. அகாடமியும் அங்கேயே போகச் சொன்னது. 1768 மார்ச் 27-ல் பாண்டிச்சேரி மண்ணில் கால் வைத்தார். கிளம்பி எட்டு வருஷம் கழித்து!

இப்போது எல்லாம் கூடி வந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் தடபுடலாக வரவேற்றார். ஆங்கிலேயர் இடித்துப்போட்ட மாளிகையின் மிச்சத்தின் மேலேயே வான் ஆய்வகம் கட்டிக்கொடுத்தார். அதைவிட ஆச்சர்யம், சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பிவைத்தார்கள். ஊரை இடித்தவர்களே கருவி கொடுத்தார்கள்.

கையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. என்ன செய்வது? கோயில்களைப் பார்த்தார், பழக்கவழக்கங்களை எழுதினார். அப்போதுதான் அவர் காதில் அந்தச் செய்தி விழுந்தது. தொலைநோக்கி கிடையாது, பேனா கிடையாது, காகிதம் கிடையாது. தரையில் சோழியைப் பரப்பி வைத்துக்கொண்டு கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்கிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்!

சோழிக் கணக்கு

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. கிரகணம் என்றால் ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போடுவது, சமைத்ததை மிச்சம் வைக்காமல் இருப்பது, கர்ப்பிணிகளை வெளியே விடாமல் இருப்பது, கோயில் நடை சாத்துவது, காவிரிக்கோ பூம்புகார் கடலுக்கோ போய் முழுக்குப் போடுவது. நம்புகிறோமோ இல்லையோ, இந்த எல்லாவற்றுக்கும் ஒரு அடிப்படைத் தேவை இருக்கிறது. நேரம்! பிடிக்கிற நேரத்தில் ஒரு முழுக்கு, விடுகிற நேரத்தில் ஒரு முழுக்கு என்றால் அந்த நேரத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்வதற்காகவே ஊருக்கு ஊர் பஞ்சாங்கக்காரர்கள் இருந்தார்கள்.

அவர்களுடைய முறைக்கு வாக்கியம் என்று பெயர். இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் என்கிறோமே, அதுதான். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாது. வேகம் கூடும், குறையும். 248 நாளில் அந்த ஏற்ற இறக்கம் ஒன்பது சுற்று முடித்துக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும். இந்த 248 நாளில் ஒவ்வொரு நாளைக்கும் சந்திரன் எங்கே இருக்கும் என்பதை ஒரு குட்டி வாக்கியமாக்கி மனப்பாடம் செய்துவைத்தார்கள். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் எண் வரும். எண்ணைச் சோழியாக வைத்தால் கணக்கு நடக்கும். கூட்டினால் சோழி சேரும், கழித்தால் சோழி குறையும். அட்டவணை மொத்தமும் தலைக்குள். நம் பாட்டிமார்கள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார்களே, அதன் பெரியப்பா இது.

லெ ஜென்டில் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டார். அகாடமி உறுப்பினர், கையில் உயர்தரத் தொலைநோக்கி, ஆனாலும் சிஷ்யப்பிள்ளையாகத் தரையில் சோழி அடுக்கினார். அவர்களின் வேகத்தைப் பார்த்து அசந்துபோனதை மறைக்காமல் எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்துப் பார்த்ததில், கிரகணம் நீடித்த நேரம் தமிழ்க் கணக்கில் 41 விநாடி குறைந்திருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 விநாடி கூடியிருந்தது. நம் அளவில் சொன்னால் ஒரு விநாழிகை என்பது 24 விநாடி. ரெண்டு விநாழிகைகூட முழுசாகப் பிசகவில்லை.

நில்லுங்க, இதை உடனே வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். அது ஒரே ஒரு கிரகணத்தின் கால அளவு. 1825-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பாண்டிச்சேரியில் இன்னொரு பஞ்சாங்கக்காரரை உட்கார வைத்துச் சோழியில் ஒரு சந்திர கிரகணம் போடச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகியது. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். மேயரின் அட்டவணையை வருஷா வருஷம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இங்கே மனப்பாடத்தைத் திருத்துவது குறைவு. ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால் தங்களுக்குத் தெரிந்தது விதிதான், காரணம் அல்ல என்கிற மாதிரியான பதில்தான் லெ ஜென்டிலுக்கும் கிடைத்தது. அதை அவர் குறையாகவே எழுதினார். எனக்கு ரெண்டும் உண்மையாகத்தான் படுகிறது. அந்த வேகமும் உண்மை, அந்தத் தேக்கமும் உண்மை.

அந்தத் தேக்கம் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறது. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப்படி டிவி முழுக்கப் பலன் சொல்லிக்கொண்டிருந்தபோது, திருநள்ளாறு கோயிலில் அன்று பெயர்ச்சி கிடையாது, வாக்கியப்படி 2026-ல்தான் என்று அறிவிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது இந்தச் சோழிக் கணக்கின் பேரன்தான்.

சரி, இந்தக் கணக்கு எந்த ஊருடையது? லெ ஜென்டில் தான் கற்ற அட்டவணைகளுக்குக் குறித்த ஊர்ப் பெயர் 'திர்வலூர்'. நாகப்பட்டினத்துக்கு மேற்கே சுமார் 12 புவியியல் மைல் தூரத்தில் ஒரு சிற்றூர் என்று பின்னால் எடின்பரோவில் ஜான் பிளேஃபேர் என்ற கணிதப் பேராசிரியர் விளக்கம் எழுதினார். கிலோமீட்டரில் 22. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், நம் திருவாரூர்தான்! லாலியின் படை மிதித்துப் போய்ப் பத்து வருஷம்கூட முழுசாக ஆகாத அதே திருவாரூர். தியாகராஜர் அங்கே பிறந்து ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. சியாமா சாஸ்திரிக்கு ஆறு வயது இருக்கும். பிற்பாடு சுக்கிரன் பேரில் கீர்த்தனை பாடிய முத்துசுவாமி தீட்சிதர் பிறக்க இன்னும் ஏழு வருஷம்.

துருவத்தில் ஒருவர், பாண்டியில் ஒருவர்

இதே 1768 ஏப்ரலில் வியன்னாவில் இருந்து இன்னொருவர் கிளம்பினார். மாக்சிமிலியன் ஹெல். ஏசு சபைப் பாதிரியார், வானியலாளர். போன இடம் நார்வேயின் வடகிழக்கு மூலையில் வார்டோ என்ற தீவு, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே 70 டிகிரி. அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அங்கே குளிர்காலத்தில் ரெண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காது. அந்த இருட்டையும் உட்கார்ந்தே கழித்தார்.

எதற்கு அவ்வளவு தூரம்? ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையாது. ஐரோப்பாவின் மற்ற ஊர்களில் இடைநகர்வு நடக்கும்போது ராத்திரியாகிவிடும். வார்டோவில் நடுராத்திரியிலும் சூரியன் இருக்கும். ஆறு மணி நேரத்தையும் முழுசாகப் பார்க்கலாம். அவரை அழைத்துச் செலவு செய்தவர் டென்மார்க்-நார்வே மன்னர் ஏழாம் கிறிஸ்டியன். நம் தரங்கம்பாடிக் கோட்டையில் அப்போது பறந்ததும் அதே மன்னரின் கொடிதான். ஒரே ராஜாவுக்குக் காவிரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர், வடதுருவ விளிம்பில் ஒரு ஊர்!

1769 ஜூன் 3 இரவு. வார்டோவில் மேகம் வந்து பயமுறுத்தியது, சரியான நேரத்தில் விலகியது. ஹெல் நுழைவையும் பார்த்தார், வெளியேறுவதையும் பார்த்தார். போனஸாக, சில மணி நேரத்திலேயே ஜூன் 4 அன்று ஒரு சூரிய கிரகணமும் வந்தது. அதையும் அளந்து தீர்க்கரேகையைச் சரிபார்த்துக்கொண்டார். அதிர்ஷ்டம் என்றால் இது. (அப்புறம் முடிவைத் தாமதமாக வெளியிட்டதால், குறிப்பைத் திருத்திவிட்டார் என்ற பழி அவர் செத்த பிறகும் தொண்ணூறு வருஷம் ஓடியது. 1883-ல்தான் சைமன் நியூகோம் என்ற அமெரிக்க வானியலாளர் மூலக் குறிப்பேட்டைப் பார்த்து, பழி பொய் என்றார். மையின் நிறம் மாறியிருக்கிறது என்று குற்றம் சாட்டியவருக்கே நிறக்குருடு!)

பாண்டிச்சேரியில் கணக்கு வேறு. சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் பெரும்பாதி தூரம் கடந்திருக்கும். வெளியேறுகிற கட்டம் மட்டும்தான் தெரியும், காலை 7 மணி சுமாருக்கு. அது போதும். மே மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. முதல் நாள் ராத்திரி ஆளுநரோடு உட்கார்ந்து வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தார். அதிகாலை 2 மணிக்கு விழிப்பு. தென்கிழக்கே கடல் இரைச்சல் கேட்டது. அந்தத் திசைக் காற்று என்றால் மேகத்தைப் பெருக்கித் தள்ளிவிடும் என்பது கரையில் இருப்பவர்களின் அனுபவம். நிம்மதியாக எழுந்தார். எழுந்து பார்த்தால் வானம் மூடியிருந்தது.

5 மணிக்குக் காற்று சுழன்று அடித்தது. மேகம் திரண்டது. 6, 7... சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. சுக்கிரன் போய்விட்டது. அதற்குப் பிறகு மேகம் கலைந்து, அன்று முழுக்க வெயில் கொளுத்தியது.

மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. அந்தத் தகவல் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பல நாட்கள் பேனாவைத் தொட முடியவில்லை. நாட்குறிப்பில் நடந்ததை எழுதவே கை ஓடவில்லை. உலகம் முழுக்கப் பார்த்தவர்களின் குறிப்பை வைத்து, சூரியனின் தூரம் இன்றைய 14.96 கோடி கிலோமீட்டருக்கு மிக அருகே வந்துவிட்டது. வார்டோ எண் அதில் இருந்தது, தஹிதியில் கேப்டன் குக் குறித்த எண் இருந்தது. பாண்டிச்சேரி எண் இல்லை.

செத்தவர் திரும்பினார்

காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாக 1770 மார்ச்சில் கப்பல் ஏறினார். மொரீஷியஸில் இறங்கி உடம்பைத் தேற்றி மறுபடி கிளம்பினால், புயலில் கப்பல் சிதைந்து அதே மொரீஷியஸுக்குத் திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பெயின் கப்பல் ஏற்றிக்கொண்டு காடிஸ் துறைமுகத்தில் விட்டது. போதுமடா கடல் என்று தரை வழியாக மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8-ல் பிரான்ஸ் எல்லைக்குள் நுழைந்தார். 11 வருஷம், 6 மாதம், 13 நாள்.

அவர் எழுதிய கடிதங்கள் பல வந்தே சேரவில்லை. அதனால் ஆள் இறந்துவிட்டதாக ஊரில் பேச்சு. வாரிசுகள் சொத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அகாடமியில் அவர் நாற்காலியில் வேறொருவர். சொத்தைப் பார்த்துக்கொள்ள நியமித்த ஆளிடம் இருந்த பணம் திருடுபோயிருந்தது. வழக்குப் போட்டார். தோற்றார், வழக்குச் செலவையும் கட்ட வைத்தார்கள். உயிரோடு இருப்பதை நிரூபிக்க கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் செய்தி அவ்வப்போது வருமே, அதைப் படிக்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் வருகிறது.

ஆனால் மனிதர் உடைந்துவிடவில்லை. அகாடமியில் மறுபடி இடம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தை. வான் ஆய்வகத்திலேயே குடியிருந்துகொண்டு, பயணத்தை ரெண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். 1779-ல் ஒன்று, 1781-ல் ஒன்று. அதற்குள் உட்கார்ந்துகொண்டு நம் திருவாரூர் பாரிஸுக்குப் போனது.

போய்ச் சும்மா இருக்கவில்லை! ழான் சில்வான் பெய்லி என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த அட்டவணைகளை எடுத்துக்கொண்டு 1787-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102-ல் இந்தியர்கள் நிஜமாகவே வானத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எடின்பரோ பிளேஃபேர் ஆமாம் என்றார். லாப்லாஸ் இல்லை என்றார், பின்னால் போட்ட கணக்கு அது என்று. லாப்லாஸ் பக்கம்தான் இன்றைய ஆய்வும் நிற்கிறது. ஆனாலும் பாருங்க, பிரெஞ்சுப் புரட்சி வெடிக்கப்போகிற சமயத்தில், ஐரோப்பாவின் பெரிய மூளைகள் திருவாரூர் பஞ்சாங்கத்தை வைத்துச் சண்டை போட்டிருக்கின்றன. பெய்லி புரட்சியில் பாரிஸின் முதல் மேயர் ஆனார். 1793 நவம்பரில் அதே புரட்சி அவர் தலையை வெட்டியது.

1952-ல் ஆட்டோ நியூகெபாவர் என்ற அறிஞர் லெ ஜென்டிலும் வாரனும் எழுதிவைத்ததை மறுபடி பிரித்து உட்கார்ந்தார். அந்த 248 நாள் சுழற்சி, பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் பழைய கிரேக்க பாப்பிரஸ் சுவடிகளிலும் இருப்பதை எடுத்துக் காட்டினார். எங்கிருந்து எங்கே போனதோ, மற்ற இடங்களில் மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு கணக்கு இங்கே மனிதர்களின் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு பிரெஞ்சுக்காரருக்கு வேலை இல்லாமல் போன அந்த ஒரு வருஷத்தில் அது காகிதத்துக்கு வந்தது.

லெ ஜென்டில் 1792 அக்டோபர் 22-ல் இறந்தார். அதே வருஷம் ஏப்ரலில் ஹெல்லும் போய்ச் சேர்ந்திருந்தார். இருவர் பெயரிலும் சந்திரனில் பள்ளங்கள் இருக்கின்றன. வடதுருவம் போன ஹெல்லுக்குக் கொஞ்சம் நடுவாகவே இடம் கிடைத்துவிட்டது. துருவப் பக்கமே போகாத லெ ஜென்டிலுக்குச் சந்திரனின் தென்துருவத்துக்கு அருகே, ஓரத்தில். பக்கத்திலேயே பெய்லியின் பெரிய பள்ளம். பூமியில் இருந்து பார்த்தால் ரொம்ப விளிம்பில் இருப்பதால் எல்லா நாளும் தெரியாது. சந்திரன் லேசாகத் தலையாட்டி அந்தப் பக்கத்தைக் காட்டுகிற நாட்களில், நல்ல தொலைநோக்கி இருந்தால் பார்க்கலாம். அன்றைக்கு மேகம் இல்லாமல் இருக்க வேண்டும்.